டிஸ்க்வேர்ல்டு கேம் மக்கர் பண்ணுதா? எந்த கோளாறுக்கு என்ன வைத்தியம்

டெர்ரி ப்ராட்செட் எழுதின டிஸ்க்வேர்ல்டு நாவல் மொத்தம் 41. நாலு யானை முதுகுல ஒரு தட்டு, யானைங்க நிக்கறது ஒரு ஆமை மேல, ஆமை விண்வெளில நீந்திட்டு போகுது, அந்த தட்டு மேலதான் எல்லா கூத்தும். இத வச்சு 1995ல டிஸ்க்வேர்ல்டு, 1996ல டிஸ்க்வேர்ல்டு 2, 1999ல டிஸ்க்வேர்ல்டு நுவார்னு மூணு கம்ப்யூட்டர் கேம் வந்துச்சு. மூணுமே க்ளிக் பண்ணி க்ளிக் பண்ணி புதிர் விடுவிக்கற அட்வென்ச்சர் கேம், மூணுமே இன்னிக்கு இருக்கற கம்ப்யூட்டர்ல நேரா ஓடாது, ஓட வச்சாலும் பாதி பேரு முதல் மணி நேரத்துலயே தலைய பிச்சிக்கறாங்க.

கீழ என்ன தொல்லைன்னு தலைப்பா போட்டிருக்கேன், உங்களோடது எதுவோ அதுக்கு நேரா போயிடுங்க. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், இந்த கேம்ல வர்ற பிரச்சனை மூணு ரகம். முதல் ரகம் நிஜமாவே கம்ப்யூட்டர் கோளாறு. ரெண்டாவது, கேமோட ரூல் தெரியாம முழிக்கறது. மூணாவது கோளாறே கிடையாது, அது ஜோக்கு, நமக்குதான் ஜோக்குன்னு தெரியல. நான் மூணாவது ரகத்த முதல் ரகம்னு நினச்சு ரெண்டு தடவ மொத்தமா அழிச்சு திரும்ப இன்ஸ்டால் பண்ணவன், அதனாலதான் இவ்ளோ அக்கறை.

"டபுள் க்ளிக் பண்ணா இந்த ஆப் உங்க கம்ப்யூட்டர்ல ஓடாதுங்குது"

முதல் ரெண்டு கேமும் டாஸ் காலத்து சரக்கு. 64 பிட் விண்டோஸ்ல டாஸ் புரோகிராம ஓட்டற ஏற்பாடே கிடையாது, அதனால கம்பாட்டிபிலிட்டி மோட்ல விண்டோஸ் 95னு டிக் போட்டு, அட்மினா ரன் பண்ணி, என்ன குட்டிக்கரணம் அடிச்சாலும் நடக்காது. அதுல நேரம் வேஸ்ட் பண்ணாதீங்க.

வழி ரெண்டு இருக்கு. ஒண்ணு டாஸ்பாக்ஸ், பழைய டாஸ் மெஷினயே உள்ள நடிச்சு காட்டும். இன்னொண்ணு ஸ்கம்விஎம், இது கேமோட எக்ஸி ஃபைல தொடவே தொடாது, படம் குரல் வசனம் இருக்கற டேட்டா ஃபைல மட்டும் எடுத்துகிட்டு தன்னோட சொந்த இன்ஜின்ல ஓட்டும். டிஸ்க்வேர்ல்டு ஒண்ணும் ரெண்டும் ஓடற இன்ஜினுக்கு டின்செல்னு பேரு, ஸ்கம்விஎம் ரெண்டையும் நல்லாவே ஓட்டுது. என்னைக் கேட்டா ஸ்கம்விஎம்தான், டாஸ்பாக்ஸ் பக்கம் போக ஒரு காரணமும் இல்ல, பழைய செட்டப் ஸ்க்ரீன பாத்து கண்ணு கலங்கணும்னு ஆசை இருந்தாலொழிய.

"ஸ்கம்விஎம்ல ஆட் கேம் கொடுத்தா எதுவுமே கண்டுபிடிக்க முடியலங்குது"

பத்துக்கு ஒம்போது தடவ நீங்க தப்பான ஃபோல்டர காட்டியிருப்பீங்க. சிடியோட மேல்மட்டத்த காட்டக்கூடாது, டேட்டா ஃபைல் எங்க கிடக்கோ அந்த ஃபோல்டரையே காட்டணும். எஸ்சிஎன்னு முடியற ஃபைல் கூட்டமா எங்க இருக்குன்னு பாருங்க, ரொம்ப பழைய பதிப்புன்னா அது ஜிஆர்ஏன்னு முடியும். முதல் கேமுக்கு டிடபிள்யூங்கற பேர்ல ஒண்ணு, ரெண்டாவதுக்கு டிடபிள்யூ2ங்கற பேர்ல ஒண்ணு கண்டிப்பா இருக்கணும், அத வச்சுதான் ஸ்கம்விஎம் இது இன்ன கேம்னு கண்டுபிடிக்குது.

அப்புறம் இண்டெக்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கும், பேருக்கு பின்னாடி புள்ளி வால் எதுவும் இல்லாம மொட்டையா. காப்பி பண்றவங்க இது என்னமோ குப்பைன்னு நினச்சு விட்டுட்டு போயிடறாங்க. விடாதீங்க, எந்த சீன் எந்த ஃபைல்ல இருக்குங்கற கணக்கே அதுலதான் இருக்கு.

"படம் வருது, யாரும் பேச மாட்டேங்குறாங்க, வாய் மட்டும் அசையுது"

முதல்ல உங்ககிட்ட இருக்கறது ஃப்ளாப்பி பதிப்பா சிடி பதிப்பான்னு பாருங்க. ஃப்ளாப்பி பதிப்புல குரலே கிடையாது, எழுத்து மட்டும்தான், அதுல குரல் தேடறது வீண். சிடி பதிப்புன்னா இங்கிலீஷ்ங்கற பேர்ல மூணு ஃபைல் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் வால் வேற: எஸ்எம்பி, ஐடிஎக்ஸ், டிஎக்ஸ்டி. எஸ்எம்பிதான் குரல் மொத்தமும், ஃபோல்டர்லயே பெரிய சைஸ்ல இருக்கறது அதுதான். ஐடிஎக்ஸ் எந்த வசனம் எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்ற அட்டவணை. இதுல ஒண்ணு இல்லன்னாலும் ஊமைப்படம்தான்.

மூணும் இருந்தும் சத்தம் வரலன்னா ஸ்கம்விஎம்ல அந்த கேமோட ஆடியோ செட்டிங் உள்ள போயி, பேச்சு மட்டும், எழுத்து மட்டும், ரெண்டும்னு மூணு தேர்வு இருக்கும், அது எழுத்து மட்டும்ல போயி உக்காந்திருக்கான்னு பாருங்க. ரெண்டும் வச்சுக்கறதுதான் உத்தமம். முதல் ரெண்டு கேம்லயும் நாம ஆட்டி வைக்கற மந்திரவாதி ரின்ஸ்விண்ட்க்கு குரல் குடுத்தது மாண்டி பைத்தான் காமெடி குழுவோட எரிக் ஐடில், மனுஷன் வாய்க்குள்ளயே முணுமுணுன்னு பாதி ஜோக்க சொல்லிட்டு போயிடுவாரு, எழுத்து இல்லன்னா நழுவிடும்.

இதுக்கு கூடவே இன்னொரு புகாரும் வரும், எல்லாரும் ஒரே ஆள் மாதிரி பேசறாங்க, ஃபைல் கரப்ட் ஆயிடுச்சோன்னு. கரப்ட் இல்லங்க. டோனி ராபின்சன், ஜான் பெர்ட்வீ, ராப் ப்ரைடன்னு ஒரு கைப்பிடி ஆளுங்க ஊர்ல இருக்கற அத்தன பேருக்கும் மாத்தி மாத்தி குரல் குடுத்திருக்காங்க. மந்திரவாதிங்க யுனிவர்சிட்டி நூலகர் கிட்ட எத கேட்டாலும் "ஊக்"னு மட்டும் சொல்றாருன்னா அதுவும் ஆடியோ பிரச்சனை இல்ல. அவர் ஒராங்குட்டான். அவர தப்பித்தவறியும் குரங்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க, புத்தகம் படிச்சவங்களுக்கு அப்புறம் என்ன ஆகும்னு தெரியும்.

"டிஸ்க்வேர்ல்டு 2ல பாதி கேம்ல குரல் நிக்குது, இல்ல சம்பந்தமே இல்லாம பேசறாங்க"

இது நானே மாட்டின இடம், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். ரெண்டாவது கேம் ரெண்டு சிடி. ரெண்டு சிடிலயும் இங்கிலீஷ் எஸ்எம்பி, இங்கிலீஷ் ஐடிஎக்ஸ், இங்கிலீஷ் டிஎக்ஸ்டின்னு அதே பேர்ல ஃபைல் இருக்கலாம், பேரு ஒண்ணு, உள்ள இருக்கற சரக்கு வேற. நாம என்ன பண்ணுவோம், முதல் சிடிய ஒரு ஃபோல்டர்ல காப்பி பண்ணிட்டு ரெண்டாவது சிடியயும் அதே ஃபோல்டர்ல போடுவோம், ஏற்கனவே இருக்கு, மேல எழுதவான்னு கேக்கும், யோசிக்காம எல்லாத்துக்கும் ஆமாம்னு அமுக்குவோம், முதல் சிடியோட மொத்த பேச்சும் அங்கயே காலி.

சரியான வழி இதுதான்: முதல் சிடிலேர்ந்து வந்த மூணு ஃபைலுக்கும் பேர்ல இங்கிலீஷ்க்கு ஒட்டி 1 சேருங்க, ரெண்டாவது சிடி ஃபைலுக்கு 2 சேருங்க, நடுவுல இடம் விடாம, கோடு போடாம. அதாவது இங்கிலீஷ்1 எஸ்எம்பி, இங்கிலீஷ்2 எஸ்எம்பி, ஐடிஎக்ஸ்க்கும் டிஎக்ஸ்டிக்கும் அப்படியே, ஆக மொத்தம் ஆறு ஃபைல். கீபோர்டுல ஆங்கில எழுத்துலதான் அடிக்கணும்னு தனியா சொல்ல வேண்டியதில்ல. சில பதிப்புல நம்பர் ஏற்கனவே போட்டே இருக்கும், அப்ப கைய வைக்காதீங்க. முதல் சிடி ஃபைல் மேல ஏற்கனவே எழுதிட்டீங்கன்னா வேற வழியில்ல, சிடிலேர்ந்து திரும்ப எடுக்கணும்.

இதே கேம்ல ஆரம்ப வீடியோ வராம கறுப்பா நிக்குதுன்னா பிஎம்வின்னு முடியற ஃபைல காப்பி பண்ணியிருக்க மாட்டீங்க. வீடியோ எல்லாம் அதுலதான். ஆரம்ப வீடியோவ தயவுசெஞ்சு தாண்டாதீங்க, எரிக் ஐடில் பாடற பாட்டு அதுல இருக்கு.

"குரல் வருது, மியூசிக் வரல"

முதல் கேமோட இசை எம்ஐடிஐ, அதாவது பதிவு பண்ண பாட்டு இல்ல, இந்த சுரத்த இந்த கருவில வாசின்னு சொல்ற குறிப்பு. வாசிக்க ஒரு கருவி வேணும். ஸ்கம்விஎம்ல இசை கருவின்னு ஒரு தேர்வு இருக்கும், அதுல ஃப்ளூயிட்சிந்த்னு வச்சுட்டு கருவிங்களோட சத்தம் இருக்கற சவுண்ட்ஃபாண்ட் ஃபைல் குடுக்காம விட்டா கப்சிப். எம்டி-32ன்னு வச்சுட்டு அதுக்கு வேணுங்கற ரோம் ஃபைல் இல்லன்னாலும் இதே கதிதான். எதுவும் புரியலன்னா அட்லிப்னு வைங்க, எந்த ஃபைலும் கேக்காது, உடனே வாசிக்கும், கொஞ்சம் தகர டப்பா சத்தமா இருக்கும் அவ்ளோதான். மிடின்னு ஒரு டேட் ஃபைல் இருக்கான்னும் பாத்துக்கோங்க, குறிப்பு எல்லாம் அதுலதான்.

"எல்லாரும் குட்டையா குண்டா தெரியறாங்க"

முதல் கேம் 320க்கு 200 புள்ளில வரைஞ்சது, ஆனா அந்த காலத்து மானிட்டர் அத மேலயும் கீழயும் இழுத்து நிரப்பி காட்டும். இப்ப இருக்கற ஸ்க்ரீன் இழுக்காது, அதனால எல்லாரும் ஒரு சுத்து பெருத்த மாதிரி தெரியுவாங்க. ஸ்கம்விஎம்ல ஆஸ்பெக்ட் ரேஷியோ கரெக்ஷன்னு இருக்கறத ஆன் பண்ணுங்க, கேம் நடுவுல இருக்கும்போதே கண்ட்ரோல், ஆல்ட், ஏ மூணும் சேத்து அமுக்கினாலும் மாறும். ரெண்டாவது கேம் 640க்கு 480, அதுக்கு இது தேவையே இல்ல.

"நான் டாஸ்பாக்ஸ்லதான் ஆடுவேன், ஆனா ஆமை வேகம்"

பெரிய ஆமை மேல நடக்கற கதைங்கறதால பொறுத்துக்கலாம்னு சொல்ல ஆசைதான். கண்ட்ரோல் எஃப்12 அமுக்கினா வேகம் கூடும், கண்ட்ரோல் எஃப்11 குறைக்கும், கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி பாருங்க, ரொம்ப ஏத்தினா சத்தம் திக்கும். மவுஸ் உள்ள மாட்டிகிச்சுன்னா கண்ட்ரோல் எஃப்10. சவுண்ட் செட்டப் கேட்டா சவுண்ட் ப்ளாஸ்டர், போர்ட் 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1, இது டாஸ்பாக்ஸோட வழக்கமான கணக்கு. சிடிய போடுங்குதுன்னா சாதா ஃபோல்டர் மாதிரி மவுண்ட் பண்ணியிருப்பீங்க, டைப் சிடிராம்னு சேத்து மவுண்ட் பண்ணணும்.

"பொருள எடுக்க சொன்னா பக்கத்துல போயி சும்மா நிக்கறான்"

இப்பதான் ரெண்டாவது ரகம் ஆரம்பிக்குது. ஒரு க்ளிக்னா நட, டபுள் க்ளிக்னா எடு, தொற, பேசு, ஏதாவது பண்ணு, வலது க்ளிக்னா உத்து பாரு. இவ்ளோதான் மொத்த கண்ட்ரோலும், ஆனா டபுள் க்ளிக் எவ்ளோ வேகமா இருக்கணுங்கறத கேம் தனியா வச்சிருக்கு, உங்க விண்டோஸ் செட்டிங்குக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. லேப்டாப் டச்பேட்ல ஆடறவங்க கண்டிப்பா இதுல மாட்டுவாங்க. நீங்க ரெண்டு தட்டு தட்டினத கேம் ரெண்டு தனித்தனி "நட"ன்னு எடுத்துக்கும், ரின்ஸ்விண்ட் சமத்தா போயி பொருள் பக்கத்துல நின்னுகிட்டு உங்கள பாப்பான். எஃப்1 அமுக்கி கேமோட சொந்த மெனுவுக்கு போங்க, கண்ட்ரோல் பகுதில டபுள் க்ளிக் வேகத்துக்கு ஒரு அளவுகோல் இருக்கு, மெதுவாக்கி விடுங்க. இடது கைக்காரங்க பட்டன மாத்திக்கறதும் அங்கயேதான்.

அப்படியே சேவ் விஷயமும் சொல்லிடறேன். வெறும் எஃப்5 கேமோட சேவ், எஃப்7 லோடு. கண்ட்ரோல் எஃப்5 அமுக்கினா வர்றது ஸ்கம்விஎம்மோட மெனு. ரெண்டும் வேற ஸ்க்ரீன்ங்கறதால எங்கயோ சேவ் பண்ணிட்டோமேன்னு குழம்பாதீங்க.

"ரெண்டு பொருளுக்கு மேல வாங்க மாட்டேங்குறான்"

வாங்க மாட்டான். ரின்ஸ்விண்ட் கைல ரெண்டே ரெண்டுதான். மீதி எல்லாம் லக்கேஜ்க்குள்ள போகணும். லக்கேஜ்னா பின்னாடியே நூத்துக்கணக்கான குட்டி காலோட ஓடி வர்ற மரப்பெட்டி, எத்தன போட்டாலும் கொள்ளும், கோவம் வந்தா ஆளயும் முழுங்கும்.

லக்கேஜே பின்னாடி வரலையா? அப்ப நீங்க அத எழுப்பாமயே ரூம விட்டு வந்துட்டீங்க. ரின்ஸ்விண்ட் பெட்ரூம்ல அலமாரி மேல படுத்து தூங்கிட்டிருக்கும், கூப்பிட்டாலெல்லாம் எழுந்திருக்காது, யுனிவர்சிட்டிக்குள்ளயே ஒரு துடைப்பம் கிடைக்கும், அத கொண்டு வந்து குத்தணும். ரூம விட்டு கிளம்பும்போது அலமாரிக்குள்ளயும் ஒரு எட்டு பாத்துடுங்க.

அப்புறம் ஒரு பழக்கம் பண்ணிக்கோங்க, சேந்த பொருள உடனுக்குடனே பெட்டில போட்டுட்டு கைய காலியா வச்சுக்கோங்க. கை ரெண்டும் நிரம்பியிருக்கும்போது புதுசா ஒண்ண எடுக்க போயி, அவன் முணுமுணுக்க, அது எடுக்க முடியாத பொருள்னு நாம நினச்சுட்டு கடந்து போயி, மூணு மணி நேரம் கழிச்சு அதுதான் வேணும்னு தெரியறது இருக்கே, அந்த வயித்தெரிச்சல் வேற ரகம்.

"எத எதோட சேத்தாலும் அது வேலைக்காவாதுன்னே சொல்றான்"

இந்த ஒரு வசனம்தான் இந்த கேமோட தேசிய கீதம். எரிக் ஐடில் ஒரே தொனில "தட் டஸ்ண்ட் வொர்க்"னு சொல்றத ஒரு சாயங்காலத்துல நூறு தடவ கேட்டவங்க நிறைய பேரு இருக்காங்க. இதுக்கு பேட்ச் கிடையாது. புதிர்களே அப்படி.

உதாரணத்துக்கு ஒண்ணு, பேர் போன புதிர், தானே கண்டுபிடிக்கணும்னு நினைக்கறவங்க இந்த பத்திய தாண்டிடுங்க. முதல் கேமோட ரெண்டாவது பாகத்துல நூலகத்துலேர்ந்து எல்-ஸ்பேஸ் வழியா பழைய ராத்திரிக்கு போகலாம், அங்க ஒரு ரகசிய கும்பல் கூடற இடம் இருக்கு, உள்ள நுழையணும்னா அங்கி வேணும். அங்கி எங்க கிடைக்கும்? இப்ப இருக்கற காலத்துல ஒரு பட்டாம்பூச்சிய பிடிக்கணும், அத பழைய ராத்திரிக்கு கொண்டு போகணும், தெருவிளக்குல விடணும். அது சிறகடிக்க, சம்பந்தமே இல்லாத ஒரு இடத்துல நிக்கற துறவி மேல மட்டும் மழை கொட்டும், அவர் நனைஞ்ச அங்கிய காயப்போடுவாரு, நாம லவட்டிக்கலாம். நான் இத நேர்மையா கண்டுபிடிச்சேன்னு சொன்னா பொய். ஒவ்வொரு தெருவா போயி பெட்டில இருக்கற ஒவ்வொரு பொருளயும் எல்லாத்து மேலயும் தேச்சேன், கடைசில விளக்கு மேல பட்டாம்பூச்சி ஒட்டிகிச்சு, எதுக்குன்னே தெரியல, மழைய பாத்ததும் சிரிக்கறதா அழறதான்னும் தெரியல.

ஆனா பின்னாடி நாவல் படிக்கும்போதுதான் உறைச்சுது, இது அவங்க சும்மா அடிச்சு விட்ட புதிர் இல்ல. 1994ல வந்த இன்ட்ரஸ்டிங் டைம்ஸ் நாவல்ல சிறகடிச்சே வானிலைய மாத்தற பட்டாம்பூச்சி இனம் ஒண்ணு வருது. எல்-ஸ்பேஸ்ங்கறதும் அப்படித்தான், புத்தகம் ஏராளமா ஒரே இடத்துல சேந்தா அதோட கனத்துல காலமும் இடமும் வளஞ்சு எல்லா நூலகமும் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிடும்ங்கறது ப்ராட்செட்டோட பழைய ஜோக்கு. கார்ட்ஸ்! கார்ட்ஸ்! நாவல்ல நூலகரே அந்த வழியா பழைய காலத்துக்கு போயி, டிராகன் புத்தகத்த திருடினது யாருன்னு பாத்துட்டு வருவாரு. கேம்ல அந்த வேலைய நம்ம தலைல கட்டிட்டாங்க.

அதனால முட்டிகிட்டு நிக்கும்போது நான் சொல்ற வைத்தியம்: எது லாஜிக்கா இருக்கும்னு யோசிக்காதீங்க, எந்த பழமொழிய, எந்த பேச்சு வழக்க அப்படியே நிஜமா எடுத்துகிட்டா சிரிப்பு வரும்னு யோசிங்க. பட்டாம்பூச்சி சிறகடிச்சா புயல் வரும்னு சொல்லுவாங்கல்ல, இங்க அது உவமை இல்ல, நடைமுறை. மில்லியன்ல ஒரு வாய்ப்புன்னா கண்டிப்பா நடக்கும்னு கதைல ஹீரோ ஜெயிக்கற மாதிரி, கேமோட பின்பகுதில ஹீரோவுக்கு இருக்க வேண்டிய அம்சம்னு ஒவ்வொண்ணா சேத்து அந்த வாய்ப்ப வரவழைக்கணும், 9,99,999ல ஒண்ணுன்னா கூட வேலைக்காவாது. கார்ட்ஸ்! கார்ட்ஸ்! புத்தகத்துலயும் காவல்காரங்க மூணு பேரு கூரை மேல நின்னுகிட்டு, குறி தப்பறதுக்கு இன்னும் என்னென்ன இடைஞ்சல் சேக்கலாம்னு கணக்கு போடுவாங்க, கரெக்டா மில்லியன்ல ஒண்ணா வரணுமே.

அப்படியும் முடியலன்னா வாக்த்ரூ, அதாவது விடையெல்லாம் எழுதி வச்ச குறிப்பு, பாக்கறதுல ஒரு வெக்கமும் இல்ல. இந்த கேம்ல பாக்காம முடிச்சேன்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன்.

"எல்லார்கிட்டயும் பேசியாச்சு, புதுசா எதுவும் சொல்ல மாட்டேங்குறாங்க"

பேசும்போது கீழ சின்ன சின்ன படம் வரும், வணக்கம், கேள்வி, கிண்டல், கோவம்னு ஒவ்வொண்ணும் ஒரு தொனி. கேள்விய மட்டும் அமுக்கிட்டு போறவங்கதான் மாட்டுவாங்க. கிண்டல் பண்ணாதான் வாய தொறக்கற ஆளுங்க இருக்காங்க. ஒரே படத்த திரும்ப திரும்ப அமுக்குங்க, வசனம் மாறிகிட்டே போகும், அது சுத்தி வந்து பழைய வசனமே திரும்பினாதான் காலின்னு அர்த்தம். ஏதாவது பெருசா நடந்து முடிஞ்சதும் ஊர ஒரு ரவுண்டு திரும்ப சுத்துங்க.

"புத்தகத்துல இருக்கறதுக்கும் கேமுக்கும் ஒத்து வரல"

வராது. முதல் கேமோட கதை பெரும்பாலும் 1989ல வந்த கார்ட்ஸ்! கார்ட்ஸ்! நாவல், அங்க்-மார்போர்க் ஊர்ல ரகசிய கும்பல் டிராகன வரவழைக்கற கதை. ஆனா அந்த நாவலோட ஹீரோ காவல்படை கேப்டன் வைம்ஸ். கேம்ல அவர தூக்கிட்டு கோழை மந்திரவாதி ரின்ஸ்விண்ட உள்ள விட்டுட்டாங்க, தொப்பில மந்திரவாதின்னு எழுதறதுலயே எழுத்துப்பிழை விட்ட ஆசாமி. வைம்ஸ் ரசிகர்களுக்கு இது ஆறாத புண்ணு. அவர பாக்கணும்னா மூணாவது கேம் வரைக்கும் பொறுக்கணும். ரெண்டாவது கேம் மரணம்ங்கற கதாபாத்திரம் காணாம போற கதை, ரீப்பர் மேன், மூவிங் பிக்சர்ஸ்னு பல நாவல்லேர்ந்து கிள்ளி எடுத்தது.

"டிஸ்க்வேர்ல்டு நுவார் இன்ஸ்டால் ஆனாலும் க்ராஷ் ஆகுது"

இது விண்டோஸ் 95, 98 காலத்து கேம், டாஸ் இல்ல, அதனால டாஸ்பாக்ஸ நேரா நம்பி பிரயோஜனம் இல்ல. ரொம்ப மல்லுக்கட்டாம விர்ச்சுவல் மெஷின்ல விண்டோஸ் 98 போட்டு ஆடறது ஒரு வழி, ப்ளேஸ்டேஷன் பதிப்பு வச்சிருந்தா அத எமுலேட்டர்ல ஆடறது இன்னொரு வழி. ஊரே எப்பவும் இருட்டா, மழையா இருக்குன்னு மானிட்டர் ப்ரைட்னஸ ஏத்தாதீங்க, பேரே நுவார், இருட்டான துப்பறியும் பட பாணிக்கு அதான் பேரு.

இதுல புதிர்ல முட்டிகிட்டா, நீங்க இன்னும் பெட்டி நிறைய பொருள் சேக்கற பழைய பழக்கத்துலயே இருக்கீங்க. இங்க முக்கியமான ஆயுதம் துப்பறிவாளன் லூட்டனோட நோட்டு புத்தகம். யார் பேரு, என்ன தகவல் கிடைச்சாலும் அதுல ஏறும், அந்த குறிப்பயே ஒரு பொருள் மாதிரி எடுத்து ஆள் மேல, இடத்து மேல, இன்னொரு குறிப்பு மேல போட்டு பாக்கலாம். ரெண்டு குறிப்ப மோத விட்டு அதுலேர்ந்து புது முடிவு வர்றப்ப நிஜமாவே துப்பறிஞ்ச மாதிரி இருக்கும். மூணுல எனக்கு பிடிச்சது இதுதான். கதை போகப் போக துப்பு தேடறதுக்கு இன்னொரு விசித்திரமான வழியும் வரும், அத சொன்னா அடிக்க வருவீங்க.

"கேம் பிடிச்சுது, சரின்னு முதல் நாவல எடுத்தேன், சிரிப்பே வரல"

1983ல வந்த தி கலர் ஆஃப் மேஜிக்ல ஆரம்பிச்சிருப்பீங்க. அது அந்த காலத்து வாள், மந்திரம் கதைங்கள நக்கல் அடிக்கற புத்தகம், அந்த கதைங்கள படிக்காதவங்களுக்கு பாதி கிண்டல் பிடிபடாது. வரிசைப்படி படிக்கணும்னு கட்டாயமே இல்ல. முதல் கேம் ஆடினவங்க கார்ட்ஸ்! கார்ட்ஸ்! எடுங்க, ரெண்டாவது பிடிச்சவங்க 1987ல வந்த மோர்ட் எடுங்க, மரணத்துக்கு ஒரு பையன் எடுபிடியா சேர்ற கதை. எந்த வரிசையும் வேண்டாம், ஒரே ஒரு புத்தகம் போதும்னா ஸ்மால் காட்ஸ்.

முதல் நாவல் அந்தரத்துல முடிஞ்சிடுச்சு, கடைசி பக்கம் கிழிஞ்சிடுச்சான்னு தேடினவங்களுக்கு: கிழியல. ரின்ஸ்விண்ட் உலகத்தோட விளிம்புலேர்ந்து கீழ விழறதோட புத்தகம் முடியும், மீதி 1986ல வந்த தி லைட் ஃபண்டாஸ்டிக்ல. அந்த காலத்து வாசகர் மூணு வருஷம் அவன அந்தரத்துலயே விட்டு காத்திருந்தாங்க.

அத்தியாயம் எங்க முடியுதுன்னு தெரியாம தூங்க முடியலங்கறதும் கோளாறு இல்ல, பெரும்பாலான நாவல்ல அத்தியாயமே கிடையாது. ஈபுக்ல ஜோக்கு பாதி காணோம்னு தோணினா அடிக்குறிப்பு லிங்க நீங்க அமுக்காம போறீங்க, நல்ல நல்ல ஜோக்கெல்லாம் அங்கதான் ஒளிஞ்சிருக்கு. நடுவுல ஒருத்தர் மட்டும் எல்லாமே கேப்பிடல் எழுத்துல பேசறாரே, கேப்ஸ் லாக் மாட்டிகிச்சான்னா, அவர்தான் மரணம், அவர் குரல் அப்படித்தான் இருக்கும், மேற்கோள் குறி கூட கிடையாது. தமிழ்ல இத எப்படி கொண்டு வர்றதுன்னு நானும் ரொம்ப நாளா யோசிக்கறேன், நமக்குதான் சின்ன எழுத்து பெரிய எழுத்து வித்தியாசமே இல்லையே. தடிச்ச எழுத்துல போட்டா விளம்பரம் மாதிரி இருக்கு, செந்தமிழ்ல பேச விட்டா நாடகம் மாதிரி இருக்கு.

"ரின்ஸ்விண்ட் நடக்கவே மாட்டேங்குறான், டைப் பண்ணு டைப் பண்ணுங்குது"

நீங்க எடுத்து வச்சிருக்கறது வேற கேம். 1986லயே தி கலர் ஆஃப் மேஜிக்ங்கற பேர்ல ஒரு டெக்ஸ்ட் அட்வென்ச்சர் வந்துச்சு, டெல்டா 4 பண்ணது, ஸ்பெக்ட்ரம், காமடோர் 64 மாதிரி மெஷினுக்கு. அதுக்கு அந்த மெஷினோட எமுலேட்டர்தான் வேணும், ஸ்கம்விஎம்ல தேடினா வராது. வடக்கே போ, கதவ தொறன்னு ஆங்கிலத்துல ரெண்டு மூணு வார்த்தைல அடிக்கணும். அதுலயும் லக்கேஜ் பின்னாடி வரும், ஆனா எழுத்தா.